கோணல் சுவர்

உடையார்பாளையம் கடைத்தெருவில் நின்று ஜெயசீலன் வீடு எது என்று கேட்டால், எந்த ஜெயசீலன் என்று திருப்பிக் கேட்பார்கள். பாம்புக்காது ஜெயசீலன் என்றால் போதும், வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் பக்கத்து ஆட்கள் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார்கள். சொட்டை, நெட்டை, திக்குவாய் என்று ஆளின் குறையைத் தேடிப் பிடித்துத்தான் வைப்பார்கள். திறமைக்காகப் பெயர் கிடைத்தது அவன் ஒருவனுக்குத்தான். அதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை. கல்யாணப் பத்திரிகையிலேயே அந்தப் பெயரைப் போடச் சொல்லி, பெண் வீட்டார் முகம் சுளித்ததால் விட்டுக்கொடுத்தான்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதும் ரேடியோ செட் கடையில் சேர்ந்து, வேப்பமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவன். பிறகு ஓர் இன்னிசைக் குழுவில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தான். பாடாலூரில் ஒரு திருவிழாக் கச்சேரி. மேடையில் தபேலா, டிரம்ஸ், கீபோர்டு என்று எல்லாம் சேர்ந்து முழங்கிக்கொண்டிருந்தபோது, "கிட்டார்ல ரெண்டாவது கம்பி லேசா எறங்கியிருக்கு" என்று கூட்டத்தின் கடைசியிலிருந்து சொல்லியனுப்பினான். கிட்டார்காரர் நம்பாமல் பார்த்தார். இறங்கித்தான் இருந்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர்.

அந்தக் காதை வைத்துத்தான் கல்யாணம் ஆனது, வீடு நின்றது, ஊரில் நாலு பேர் வணக்கம் வைத்தார்கள். பங்குனி பிறந்தால் ஆடி முடியும் வரை வேன்தான் வீடு. இருபது வருஷத்துக்கு மேல், ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகளின் பக்கத்திலேயே நின்றான். கச்சேரி முடிந்து படுத்தால் காதுக்குள் 'கொய்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஆரம்பத்தில் விடிந்ததும் போய்விடும். பிறகு சாயங்காலம் வரை இருந்தது. பிறகு போகவே இல்லை. "இதெல்லாம் சம்பளத்தோட வர்ற போனஸ்டா" என்று குழுவில் சொல்லிச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள், அவர்கள் காதிலும் அது இருந்தது.

வயது நாற்பத்தைந்தைத் தாண்டியதும் வேன் போதும் என்று முடிவெடுத்தான். இப்போது ஆளுக்கு ஒரு போன், போனுக்கு ஒரு பாட்டு. கும்மிப்பாட்டு பாடுகிறவர்கள், கோயில் பாட்டு போடுகிறவர்கள், பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு டிராக் கேட்கிறவர்கள் எல்லோரும் ரெக்கார்டிங் என்றால் திருச்சிக்குப் பஸ் ஏறினார்கள். நம் கொல்லையிலேயே ஒரு ரூம் இருந்தால் அவர்கள் ஏன் அவ்வளவு தூரம் போகிறார்கள்? சொந்தமாக வாங்கி வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டிகளையும் ஆம்ப்ளிஃபயரையும் விற்றான். இனி அந்த ரூம்தான் பிழைப்பு. அது சரியாக அமையாவிட்டால் வேறு எதுவும் கையில் இல்லை. இது அவனுக்கும் தெரியும், மனைவி வளர்மதிக்கும் தெரியும்.

எப்படிப்பட்ட ரூம் என்று ஒரு வருஷம் யோசித்தான். யூடியூபில் பார்த்தான், சென்னையில் தெரிந்த ஸ்டுடியோக்காரர்களைப் போனில் பிடித்துக் கேட்டான். போகிற வீட்டிலெல்லாம் நடுக்கூடத்தில் நின்று கையைத் தட்டிப் பார்த்தான். துக்க வீட்டில்கூட ஒருமுறை தட்டிவிட்டு அசடு வழிந்தான். அடுப்படியில் நின்ற வளர்மதிக்குப் பாடமே நடத்தினான்.

"சத்தம் பந்து மாதிரி மதி. எதிரெதிர் சுவரு ஒண்ணுக்கொண்ணு நேரா நின்னா, போயிப் போயித் திரும்பி வந்துக்கிட்டே இருக்கும். ஒரு சுவத்தக் கோணலா வச்சுட்டா வேற பக்கம் ஓடிரும்."

"வூட்டுல யாராச்சும் கோணலா சுவரு வப்பாங்களாங்க?"

"இது வூடு இல்ல, ஸ்டுடியோ. இன்னொண்ணு, நீளம், அகலம், உசரம் மூணும் ஒண்ணா இருக்கவே கூடாது. இருந்தா ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் பூதம் மாதிரி எழும்பும். மத்ததெல்லாம் அமுங்கிப் போயிரும்."

கொல்லையில் ஆட்டுக்கொட்டகை இருந்த இடத்தைச் சுத்தம் செய்து, சுண்ணாம்புப் பொடியால் தானே கோடு போட்டான். நீளம் பதினாலு அடி. அகலம் ஒரு முனையில் பத்து, மறு முனையில் பதினொன்றரை. உயரம் ஒன்பது. மேற்குச் சுவர் கோணலாகப் போக வேண்டும். கோட்டைப் பார்த்துப் பார்த்து ரசித்தான். அவன் வாழ்க்கையில் வரைந்த ஒரே படம் அதுதான்.

கட்டுவதற்கு வெளியாளைத் தேடவில்லை. வளர்மதியின் அண்ணன் தங்கராசு ஜெயங்கொண்டம் பக்கத்தில் பேர் வாங்கிய கொத்தனார். அவர் வைத்த சுவரில் ரசமட்டத்தை வைத்தால் நீர்க்குமிழி தானாக நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். தங்கச்சி வீட்டு வேலை என்று கூலி பேசாமலேயே வந்து இறங்கினார். அந்த நேரம் பார்த்து, கடைசியாக ஒரு சீசன் வந்துவிட்டுப் போ என்று குழுவிலிருந்து ஆள் வந்தது. கோடு கிடக்கிறது, மச்சான் இருக்கிறார், இதற்குமேல் என்ன என்று ஜெயசீலன் வேன் ஏறினான்.

திரும்பி வந்தது மேல்தளம் காங்கிரீட் போட்டு, முட்டுக்கட்டைகளைப் பிரித்த மறுநாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் கொல்லைக்கு ஓடினான். வாசப்படியிலேயே நின்றுவிட்டான். நாலு சுவரும் மூலைமட்டத்துக்கு நேராக, அடித்து வைத்தது போல நின்றன. கை தட்டினான். சத்தம் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குத் தாவித் தாவி அடங்க மறுத்தது.

"என்னங்க மச்சான் இது?"

தங்கராசு சிமெண்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நல்ல காரியம் செய்தவரின் சிரிப்பு. "நீங்க போட்ட கோடு கோணிப் போயிருந்துது மாப்ள. பழக்கம் இல்லாத கையில்ல. நான் நேராக்கிட்டேன். பதினாலு மனையடிக்கு ஆவாது, பத்துன்னா குறையில்லாம இருக்கும். அதான் பத்துக்குப் பத்து. உசரமும் பத்தே வச்சுட்டேன், காத்தோட்டமா இருக்கட்டும். மிச்ச நாலடிய நடுச்சுவரு வச்சுத் தடுத்து, மதிக்கு ஒரு ஸ்டோர் ரூம் ஆக்கிட்டேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்களே."

"இந்தச் சின்ன விசயத்துக்கா?"

வளர்மதி அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்டோர் ரூம் கிடைத்த சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. கணவனைப் பார்த்ததும் அது மெல்ல வடிந்தது. அவளுக்குக் கோணல் சுவரின் கதை தெரியும். ஆனால் அண்ணன் அளவு சொல்லி, ஆகும் ஆகாது என்றபோது அவளால் மறுக்க முடியவில்லை. குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு வார்த்தை காதில் விழுந்த பிறகு எந்தப் பெண்தான் அதன்மேல் சுவர் எழுப்பச் சொல்வாள்?

அன்று ஜெயசீலன் சண்டை போடவில்லை. நூறு ரூம்களில் பாதி பத்துக்குப் பத்துதானே, ஏதாவது செய்து தேற்றிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றினான். பழைய மெத்தைகளைச் சுவரில் நிறுத்தினான், ஜமுக்காளம் தொங்கவிட்டான், மூலைகளில் தேங்காய் நார் மூட்டைகளை அடைத்தான். சத்தம் தாவுவது நின்றது. ஆனால் அடிக்குரலில் ஒரு சுருதி வந்தால் ரூமே உறுமியது. மேல் சத்தம், அதாவது ஜால்ரா, சலங்கை, பாடுகிறவரின் 'ஸ'வும் 'ச'வும், செத்துப்போய்க் கேட்டது. மெத்தை தின்றுவிடுகிறது என்று மிக்ஸரில் அதை ஏற்றினான். போதவில்லை. இன்னும் ஏற்றினான்.

முதல் பெரிய வேலை பாடாலூர் அஜித்குமாருடையது. கும்மிப்பாட்டு பாடி யூடியூபில் ஆள் சேர்த்திருந்த பையன், ஜெயசீலன்மேல் பக்தியே வைத்திருந்தான். பாட்டு முடிந்ததும் ஜெயசீலன் வளர்மதியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினான். "அடுப்புல பாலு இருக்குங்க" என்று அவள் பாதியிலேயே எழுந்துபோனாள். ரெண்டு நாளில் அஜித்குமார் போன் செய்தான்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. பாட்டப் போட்டா 'ஸ்' வர்ற எடமெல்லாம் காதுல குத்துதுண்ணே. எங்கம்மா நிறுத்துடான்னுட்டாங்க."

ஜெயசீலன் ஹெட்போன் மாட்டிக் கேட்டான். எதுவும் குத்தவில்லை. பளிச்சென்று, அளவாகத்தான் இருந்தது. அப்போதே அவன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்தப் பக்கம் யோசனை போனாலே அவனுக்குக் குலை நடுங்கியது. ரூமில் உட்கார்ந்து உட்கார்ந்து காது அதற்குப் பழகிவிட்டது, ரூம்தான் ஏமாற்றுகிறது என்று சொல்லிக்கொண்டான். ஆண்டுவிழா டிராக்கும் திரும்பி வந்தது. ஒரு கோயில் கமிட்டியார் ஒன்றும் சொல்லாமலேயே திருச்சிக்குப் போனார்கள். பாம்புக்காதுக்கு என்ன ஆச்சு என்று டீக்கடையில் பேச்சு எழுந்தது, அது அவன் காதுக்கும் வந்தது.

"பெரம்பலூர்ல காது டாக்டரு ஒருத்தரு நல்லாப் பாக்குறாராம்" என்றாள் வளர்மதி ஒருநாள், பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே.

"யாருக்கு?"

அவள் குழாயை மூடவில்லை. "சும்மா ஒருக்கா..."

"எனக்கா? என் காதுக்கா? சோத்துல உப்பு இல்லன்னா நாக்கையா வெட்டிக்குவ?" என்று எரிந்து விழுந்தான். அன்றைக்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கொஞ்ச நாளாக அவன் அவளிடம் வாய்க்குள்ளேயே பேசாதே என்று குற்றம் சொல்ல ஆரம்பித்திருந்தான். அவளும் சத்தமாகப் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஆத்திரம் எல்லாம் சேர்ந்து ஓர் இடத்தில் வெடித்தது. சொந்தத்தில் ஒரு காதணி விழா. பந்தலில் சனம் நிறைந்திருந்தது. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்து ஆசாரி காது குத்திக்கொண்டிருந்தபோது, தங்கராசு பக்கத்தில் வந்து அமர்ந்து ஆசையாகக் கேட்டார்: "ரூமு எப்படி மாப்ள, ராசியா இருக்கா?"

"ராசியா?" என்றான் ஜெயசீலன். "நீ கட்டுனது ரூமு இல்ல. எனக்கு வெட்டுன குழி. உன்னக் கோடு போடவா சொன்னேன்? போட்ட கோட்டுல கல்லு வைக்கத்தான சொன்னேன்? போ, போயி மாட்டுக்கொட்டாய் கட்டு."

பிள்ளை வீறிட்டு அழுததால் பாதிப்பேருக்குக் கேட்கவில்லை. கேட்ட பாதி போதுமானதாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மச்சானிடம் 'ங்க' போடாமல் அவன் பேசியது அதுதான் முதல்தடவை. தங்கராசு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். வளர்மதி பந்தியில் இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அஜித்குமார் நல்லவன். திருச்சிக்குப் போவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கேட்டான். "ஆடிக்கு ஒரு பாட்டு விடணும்ணே. ரூம சரி பண்ணிட்டீங்கன்னா உங்ககிட்டயே பாடுறேன். இல்லன்னா என்னைய மன்னிச்சுக்கங்க." அதைக் கேட்டு ஜெயசீலன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ரூமில் போய் நாற்காலியில் உட்கார்ந்து அந்த நேரான சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வளர்மதி அவனிடம் சொல்லாமல் ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே என்ன பேசினாள், எப்படி அழுதாள் என்பது அவளுக்கும் அண்ணனுக்கும்தான் தெரியும். மறுநாள் காலையில் தங்கராசு கடப்பாரையோடு வந்து நின்றார். ஜெயசீலனைப் பார்க்காமல், "கோட்டப் போடுங்க மாப்ள" என்றார்.

தான் ஆசையாக வைத்த ஸ்டோர் ரூம் சுவரைத் தானே இடித்தார். நீளம் மறுபடி பதினாலு ஆனது. மேற்குச் சுவரைத் தொட்டால் தளம் தாங்காது என்பதால், அதற்கு உள்பக்கமாக அரைக்கல் கனத்தில் மெல்லிய சுவர் ஒன்றை, அவன் போட்ட புதுக் கோட்டின்மேல் கோணலாக எழுப்பினார். மேலே மரச்சட்டம் அடித்துப் பொய்க்கூரை இறக்கி, உயரத்தை ஒன்பதாகக் குறைத்தார். ஒவ்வொரு வரிசைக்கும் கை தானாக மூலைமட்டத்தைத் தேடிப் போகும், எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைப்பார். "தெரிஞ்சே நான் வச்ச மொதக் கோணச் சுவரு இது" என்று தங்கையிடம் மட்டும் சொன்னார். பதினாலு அடிக்குப் பரிகாரமாக வாசலில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காயைக் கட்டினார். ஜெயசீலன் செங்கல் எடுத்துக் கொடுத்தான், தண்ணீர் ஊற்றினான். மன்னிச்சுக்கங்க என்று மட்டும் சொல்லவில்லை. ரூம் சரியாகட்டும், பாட்டைப் போட்டுக் காட்டி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தான்.

ரூமைச் சோதிக்க, மாதாந்திர மின்தடை நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டான். கரண்ட் இல்லாவிட்டால் மாவு மில் ஓடாது, பக்கத்து வீட்டு டிவி பாடாது, போர் மோட்டார் இரையாது. மதியச் சாப்பாட்டுக்கு முன் மூன்று பேரும் உள்ளே போனார்கள். கனத்த கதவைச் சாத்தி, பேட்டரி விளக்கைப் போட்டான். தங்கராசு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வளர்மதி கதவோரம் நின்றாள்.

ஜெயசீலன் நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டினான். தட்டிய இடத்திலேயே சத்தம் நின்றது. அடிக்குரலிலிருந்து மெதுவாக ஏற்றி முனகிப் பார்த்தான். எந்த இடத்திலும் ரூம் உறுமவில்லை. மறுபடி முனகினான், மறுபடியும் இல்லை. எத்தனையோ மாதம் கழித்து அவனுக்கு உடம்பு லேசானது, கண்ணில் நீர் கோத்தது.

"வந்துருச்சுங்க மச்சான்" என்றான். "இப்ப யாரும் பேசாதீங்க. இந்த ரூமோட அமைதியக் கேக்கணும்."

"அமைதிய எப்படி மாப்ள கேக்கறது?"

"சும்மா உக்காருங்க. கேக்கும்."

மூவரும் அசையாமல் இருந்தார்கள். ஜெயசீலனுக்குக் காதுக்குள் இருந்த பழைய 'கொய்'யைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. திருச்சியில்கூட இப்படி ஒரு ரூம் இருக்காது என்று நினைத்தான். அப்போது வளர்மதியின் விரல் கதவு நிலையை மெல்ல மூன்று தடவை தட்டியது. அதே நேரத்தில் தங்கராசின் விரல் தரையைத் தட்டியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ரெண்டு விரலும் சொல்லிவைத்தாற்போல ஒன்றாக எழுந்து ஒன்றாக ஓய்ந்தன.

அந்தத் தட்டல் அவனுக்குச் சின்னப் பிள்ளையிலிருந்தே தெரியும். பல்லி சொன்னால் யாரும் யோசித்துத் தட்டுவதில்லை, விரல் தானாகத் தட்டிவிடும்.

"என்ன மதி?" என்று கேட்டான்.

"பல்லி சொல்லுச்சுங்க. நல்ல வாக்குதான்."

"நல்லா ஓங்கிச் சொல்லுச்சு" என்றார் தங்கராசு. "பூசணிக்கா கட்டுனது வீண் போவல."

ஜெயசீலன் அண்ணாந்து பார்த்தான். புதுக் கோணல் சுவரின் உச்சியில் பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் தொண்டை துடித்தது. மறுபடியும் இரண்டு விரல்களும் தட்டின. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மச்சான் மூச்சு விடுவது கேட்டது, அவர் பேசியது ஒரு சொல் விடாமல் கேட்டது. மூன்று முழத்தில் கத்திய பல்லி கேட்கவில்லை. கீழே இருப்பதெல்லாம் இருந்து, மேலே இருப்பது மட்டும் போய்விட்டிருந்தது. எப்போது போனதோ தெரியாது. தனக்குக் கேட்காத அந்தச் சத்தத்தைத்தான் அவன் பாட்டுக்குப் பாட்டு ஏற்றி ஏற்றிக் கொட்டியிருக்கிறான். அஜித்குமாரின் அம்மா காதைப் பொத்திக்கொண்டது ரூமினால் அல்ல. அடுப்பில் பால் இருக்கிறது என்று வளர்மதி பாதியில் எழுந்துபோனதும் பாலுக்காக அல்ல.

அவனுக்குப் பயம் வந்தது. இவர்களுக்குத் தெரியக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான். பல்லியையே கண் கொட்டாமல் பார்த்தான். அதன் வாய் அசைந்ததும் சட்டென்று நாற்காலிக் கையில் மூன்று தடவை தட்டினான்.

வேறு யார் விரலும் அசையவில்லை.

"இப்ப சொல்லலியே மாப்ள" என்றார் தங்கராசு சாதாரணமாக. "பூச்சி புடிச்சுது."

வளர்மதி அவனைப் பார்த்தாள். பிறகு அவன் கண் இருந்த இடத்தில், சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

ஜெயசீலன் எழுந்துபோய்ப் புதுச் சுவரைத் தடவினான். பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. இனி இந்த ரூமில் அவன் செய்ய ஒன்றும் இல்லை.

"மச்சான்" என்றான், சுவரைப் பார்த்தபடியே. "நீங்க மொதல்ல கட்டுன ரூமுமேல பெரிய குத்தம் ஒண்ணும் இல்லீங்க."

தங்கராசு கையில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டினார். பிறகு கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பவரைப் போலக் கேட்டார்.

"அப்பறம் எதுக்கு மாப்ள அத்தன பேரு முன்னாடி என்னைய நீ, வா, போன்னு பேசுனீங்க?"

ரூம் நன்றாக அமைந்திருந்தது. ஓர் எழுத்துகூட மழுங்கவில்லை. ஜெயசீலனுக்கு அது முழுசாகக் கேட்டது.